எதிர்வீட்டுக்காரி

என் வாசலிலிருந்து பள்ளியின் பலகை வரை
நாற்பத்தேழு எட்டு.
இரவுப்பணி முடிந்த ஒரு காலையில் எண்ணினேன்,
கண்ணைத் திறந்து வைத்திருக்க
வேறு வழி தெரியாமல்.

ஒஹாயோவில் எங்களுடையதை
யாரும் ஊர் என்று ஒப்புக்கொள்வதில்லை.
நகரம் தீர்ந்துபோய்
நெடுஞ்சாலை மூச்சு வாங்குகிற இடம்.
இரண்டு பெட்ரோல் பங்க், ஒரு பல் டாக்டர்,
மூடிக் கிடக்கும் கம்பளக் கடை,
நடுவில் பிரின்டில் உயர்நிலைப் பள்ளி.
வீடு எங்கே என்று கேட்டால்
பள்ளிக்கு இந்தப் பக்கம் என்போம்,
இல்லையென்றால் அந்தப் பக்கம்.
எங்களுக்குத் திசை இரண்டுதான்.

பலகையில் எழுத்து மாட்டுபவர் ஓட்டஹால்.
பெருக்குவதும் அவர், குழாய் அடைப்பும் அவர்,
சில நாள் பஸ்ஸும் அவர்.
நீளக் கம்பின் நுனியில் ஒட்டி
ஒவ்வொன்றாய் மேலே ஏற்றுவார்.
ஒரு டபிள்யூ காற்றோடு போய் இரண்டு வருடம்;
எம்மைக் கவிழ்த்து மாட்டுகிறார்.
'நாம் வென்றோம்' என்று போட அது இரண்டு வேண்டும்.
நல்லவேளை,
நாங்கள் அடிக்கடி வெல்வதில்லை.

ஆகஸ்டில் காலை எட்டு மணிக்கு
பேண்டு வாத்தியக் குழு
கார் நிறுத்துமிடத்தில் அணிவகுக்கும்.
அப்போதுதான் நான் படுத்திருப்பேன்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் ஆவி
தோளில் இன்னும் ஆறாமல்.
ட்யூபா. எப்போதும் அந்த ட்யூபா.
அதே நாலாவது சுரத்தில் தடுக்கி விழுந்து
முதலிலிருந்து எழுந்து வரும்.
ஜன்னலில் போர்வையை ஆணியடித்தேன்.
ஒருநாள் இரவு உடையோடே போய்க் கத்தினேன்.
பித்தளைக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான்.
"மன்னிச்சிடுங்க மேடம்" என்றான்.
மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

நவம்பரில் வாக்கெடுப்பு:
பள்ளிக்காக வீட்டு வரியில் இன்னும் கொஞ்சம்.
வாக்குச்சாவடியும் அதே பள்ளியின் விளையாட்டுக் கூடம்தான்.
கூடைப்பந்து வளையத்தை மேலே மடக்கிவிட்டு
எங்களை வெள்ளைக் கோட்டின் மேல் நிறுத்தினார்கள்.
ஸ்கோர்போர்டை அணைக்க யாரோ மறந்திருந்தார்கள்.
விருந்தினர் ஐம்பத்தெட்டு.
நாங்கள் நாற்பத்தொன்று.

அட்டைத் தடுப்புக்குள் குனிந்தேன்.
பிள்ளைகள் இல்லை எனக்கு.
கொதிகலன் கசிகிறது.
தூங்க வேண்டும்.
எந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன் என்பது
அந்தப் பேனாவுக்குத் தெரியும்,
அதையும் சங்கிலியில் கட்டித்தான் வைத்திருந்தார்கள்.

அறுபத்து மூன்று வாக்கில் தோற்றது.
பலகை ஒரு வாரம் வெறுமையாய் நின்றது.
பிறகு ஒரே வரி:
பேண்டு சீருடைகளை வியாழனுக்குள் திருப்பித் தரவும்.

ஜனவரியில் பனிமழை.
கம்பிகள் கண்ணாடிக் குழாய்களாகி
ஒவ்வொன்றாய் அறுந்தன.
தெரு முழுக்க இருட்டு; பள்ளியில் மட்டும் ஜெனரேட்டர்.
முற்றத்தில் 'வேண்டும்' பலகை நட்ட டிசெசாரே குடும்பமும்
'வேண்டாம்' நட்ட ரெஜினா பிளாஹாவும்
ஒரே சூப் வரிசையில்
ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து நின்றார்கள்.
அவள் நாய்க்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள்.

மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டிருந்தான் அந்த ட்யூபா.
சட்டையில் குத்திய அட்டையில் பெயர்: நதீர்.
என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான்.
"நீங்க பகல்ல தூங்குறவங்கதானே" என்றான்.
கட்டிலை ஓர மூலைக்கு இழுத்தான்.
மல்யுத்தப் பாய் இரண்டை நிமிர்த்திச்
சுவர்போல் வைத்து வெளிச்சத்தை மறைத்தான்.

குழந்தைகள் ஓடினார்கள், பந்து துள்ளியது,
யாரோ சீட்டாட்டத்தில் சண்டை போட்டார்கள்.
மத்தியானம் இரண்டு மணிவரை தூங்கினேன்.
எழுந்து பாயை விலக்கினால்
ஜெனரேட்டர் ஸ்கோர்போர்டையும் எழுப்பியிருந்தது:
பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.

மே மாதம் மறுபடி வாக்கெடுப்பாம்.
ஓட்டஹால் நேற்றே ஏணி சாய்த்துவிட்டார்.
கொதிகலன் இன்னும் கசிகிறது.